‘புரோஆக்டிவ்’: எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்?

அலுவலகச் சுற்றறிக்கை, ஆண்டு மதிப்பீட்டுப் படிவம், வேலைக்கான விண்ணப்பம், அரசு அறிவிப்பு, செய்தி மொழிபெயர்ப்பு என்று எங்கே திரும்பினாலும் ‘புரோஆக்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் முனைப்பான, செயலூக்கமுள்ள, முன்கூட்டியே செயல்படும் என்று மூன்று நான்கு சொற்கள் கிடைக்கும். அவற்றில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வாக்கியம் கெடுவதும் அங்கேதான். அந்தச் சொற்களில் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஒவ்வொன்றும் ஆங்கிலச் சொல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடுகிறது.

அந்தச் சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. தேவை வந்து கழுத்தைப் பிடிக்கும் முன்பே செய்வது. யாரும் சொல்லாமல் தானாகச் செய்வது. யோசனையோடு நிற்காமல் காரியத்தில் இறங்குவது. மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. எது தூக்கலாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி, எதிர்ப்பதத்தைக் கேட்டுப் பார்ப்பது. இப்படிச் செய்யாதவர் வேறு எப்படிச் செய்வார்? ‘வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பார்’ என்று விடை வந்தால் அங்கே காலம்தான் முக்கியம். ‘சொன்னால்தான் செய்வார்’ என்று வந்தால் தானாகச் செய்வது முக்கியம். ‘பேசிக்கொண்டே இருப்பார், செய்யமாட்டார்’ என்று வந்தால் செயல் முக்கியம். விடை தெரிந்துவிட்டால் சொல்லைத் தேர்வது பாதி முடிந்தது.

சொல் வந்த வழி

இந்தச் சொல் பாராட்டுச் சொல்லாகப் பிறக்கவில்லை. 1933இல் நினைவாற்றலைப் பற்றிய உளவியல் ஆய்வில் இது அச்சேறியது. ஏற்கெனவே கற்றது, பின்னால் கற்பதற்குக் குறுக்கே நிற்பதை அங்கே இந்தச் சொல்லால் குறித்தார்கள். ஏடிஎம் கார்டின் ரகசிய எண்ணை மாற்றிய பிறகும் விரல் பழைய நான்கு எண்களையே அழுத்தப் போகிறதே, அதுதான் இது. இதில் யாருடைய சுறுசுறுப்பும் இல்லை, முன்னது பின்னதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உளவியல் பாடத்தை மொழிபெயர்ப்பவர் ‘முனைப்பான தடை’ என்று எழுதினால் மாணவருக்கு ஒன்றும் புரியாது. ‘முன்னது பின்னதைத் தடுத்தல்’ என்று நீட்டி எழுதினாலும் பொருள் நேராகப் போய்ச் சேரும்.

பிறகு நிர்வாகத் துறை இதை எடுத்துக்கொண்டது. ‘ரியாக்டிவ்’ என்பதில் பின்னோக்கிய ‘ரி’யைக் கழற்றிவிட்டு முன்னோக்கிய ‘புரோ’வை மாட்டியது போன்ற அமைப்பு. நடந்ததற்குப் பதில் செய்வது அது, நடக்குமுன் செய்வது இது என்ற எதிர்நிலை அந்தத் துறைக்கு வசதியாக இருந்தது. 1989இல் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கவி, திறமையாகச் செயல்படும் மனிதர்களின் ஏழு பழக்கங்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இதையே முதலாவதாக வைத்தார். அவர் சொன்ன பொருள் இன்னும் ஒரு படி தள்ளியது: சூழ்நிலை மீதோ மற்றவர் மீதோ பழி போடாமல், எனக்கு நேர்வதற்கு நான் எப்படிப் பதில் செய்வது என்பதை நானே தேர்ந்தெடுப்பேன், அதற்கு நானே பொறுப்பு. பயிற்சி வகுப்புகளில் கேட்கும் ‘புரோஆக்டிவ்’ பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வருகிறது. அங்கே ‘முன்கூட்டியே’ பொருந்தாது. ‘பொறுப்பெடுத்துக்கொள்வது’ என்பதுதான் சரி.

முன்கூட்டியே, முன்னேற்பாடு, முன்னெச்சரிக்கை

காலம் மட்டுமே முக்கியமானால் ‘முன்கூட்டியே’ போதும். இதில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை, யார் சொல்லிச் செய்தார்கள் என்ற செய்தியும் இல்லை. கணினி வலையமைப்புப் பாடத்தில் இது கச்சிதமாக உட்காரும். நகரும் கருவிகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் வலையில் இருவகை வழித்தட நெறிமுறைகள், அதாவது செய்தி போகும் பாதையை முடிவு செய்யும் விதிகள் உண்டு. ஓஎல்எஸ்ஆர் போன்றவை யாரும் கேட்காவிட்டாலும் எல்லா முனைகளுக்கும் பாதையைக் கண்டு அட்டவணையில் வைத்திருக்கும். ஏஓடிவி போன்றவை செய்தி அனுப்ப வேண்டி வரும்போதுதான் பாதை தேடும். முதல் வகையை ‘முன்கூட்டியே பாதை கண்டு வைப்பவை’ என்றும் இரண்டாவதை ‘தேவைப்படும்போது பாதை தேடுபவை’ என்றும் எழுதினால் மாணவருக்கு நன்மை தீமையும் சேர்ந்தே விளங்கிவிடும். முதலாவதில் தாமதம் குறைவு, ஆனால் அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செலவு உண்டு. இரண்டாவதில் அந்தச் செலவு குறைவு, முதல் செய்தி போய்ச் சேரத் தாமதமாகும்.

‘முன்னேற்பாடு’ என்பது ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு உரியது. தேர்தலுக்கு, திருவிழாவுக்கு, மழைக்காலத்துக்கு முன்னேற்பாடு செய்யலாம். ஒருவருடைய இயல்பைச் சொல்ல இது உதவாது.

‘முன்னெச்சரிக்கை’யில்தான் பலர் வழுக்குகிறார்கள். அதற்குள் எச்சரிக்கை இருக்கிறது, கெடுதல் ஒன்று வரப்போகிறது என்ற அச்சம் இருக்கிறது. வெள்ளம், நோய், தீ, திருட்டு என்றால் பொருந்தும். காவல்துறை ‘முன்னெச்சரிக்கையாகக் கைது’ என்று செய்தியில் வருவதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் ஆங்கிலத்தில் இருப்பது பெரும்பாலும் ‘பிரிவென்டிவ்’, அதாவது வராமல் தடுப்பது. புரோஆக்டிவ் நல்லதை நோக்கியும் போகும். புதிய வாடிக்கையாளரை மற்ற கடைக்காரர் அணுகும் முன் அணுகுவதை முன்னெச்சரிக்கை என்று எழுதினால், அந்த வாடிக்கையாளர் ஏதோ ஆபத்து என்பதுபோல ஆகிவிடும்.

இதே வரிசையில் வரும் ‘வருமுன் காத்தல்’ அழகான தொடர். ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ என்ற 435ஆம் குறளிலிருந்து மக்கள் வாய்க்கு வந்தது. தமிழக அரசு 1999இல் தொடங்கிய மருத்துவ முகாம் திட்டத்துக்கும், 2021இல் அதைப் புதுப்பித்தபோது வைத்த பெயருக்கும் ‘வருமுன் காப்போம்’ என்பதே அடி. நோய், விபத்து, பழுது பற்றிய எதற்கும் இதைத் தயங்காமல் எழுதலாம். எல்லைக்கோடும் அதுவே: காப்பதற்கு உரிய பொருளும் வரக்கூடிய கேடும் இருக்க வேண்டும்.

429ஆம் குறள் இன்னும் நெருங்கி வருகிறது. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்.’ வரப்போவதை முன்னறிந்து காப்பவருக்கு அதிர்ச்சி தரும் துன்பம் இல்லை என்கிறது. இங்கே ‘எதிர்’ என்றால் வரவிருப்பது. எதிர்காலம் என்ற சொல்லில் உள்ள அதே எதிர். அந்த ஒரே வேர்ச்சொல்தான் இன்று ‘எதிர்வினை’ என்று ரியாக்‌ஷனுக்கும் வழங்குகிறது. இதனால்தான் ‘எதிர்’ சேர்த்துப் புதிய சொல் கட்டினால் இன்றைய காதுக்கு எதிர்ப்பு என்றே கேட்கிறது. பழைய சொல் அழகாக இருந்தும், சுற்றறிக்கையில் எடுத்து ஆள முடியவில்லை.

தாமாக முன்வந்து

யாரும் கேட்கவில்லை, மனு இல்லை, புகார் இல்லை, ஆனாலும் செய்தார்கள் என்ற பொருளுக்குத் ‘தாமாக முன்வந்து’ என்பதைவிடத் தெளிவான தொடர் தமிழில் இல்லை. நீதிமன்றம் ‘தாமாக முன்வந்து’ வழக்கு எடுத்துக்கொண்டது என்று நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல இடம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் அமைப்பு, அலுவலர்களின் அதிகாரம், ஊதியம், ஒதுக்கீடு, மானியத் திட்டங்கள் என்று 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் இயற்றப்பட்ட நாளிலிருந்து 120 நாட்கள் கெடு கொடுத்தது. மறுபக்கம், 6ஆம் பிரிவில் ஒருவர் மனுப் போட்டால் 7ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒரே சட்டத்துக்குள் புரோஆக்டிவும் ரியாக்டிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதை ‘முன்கூட்டியே வெளியிடுதல்’ என்று எழுதினால், எதற்கு முன் என்ற கேள்வி எழும். தேர்வு முடிவைக் கசியவிட்டது போலக்கூடக் கேட்கும். ‘கேட்காமலே வெளியிடுதல்’, ‘தாமாக முன்வந்து வெளியிடுதல்’ இரண்டும் சரி. முந்தையதில் குடிமகன் தெரிகிறார், பிந்தையதில் அலுவலகம் தெரிகிறது. மக்களுக்கான துண்டறிக்கை என்றால் முந்தையதே மேல்.

ஒரு எச்சரிக்கை. ‘தாமாக’ என்பதற்குப் பதில் ‘தன்னிச்சையாக’ என்று எழுதுவோர் உண்டு. தன் இச்சைப்படி என்ற நேர்ப்பொருளில் தவறில்லை. ஆனால் இன்றைய அலுவலக வழக்கில் ‘தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்றால் மேலிடத்தைக் கேட்காமல், யாரையும் மதிக்காமல் முடிவெடுத்தார் என்று குற்றம் சாட்டுவதாகும். மெமோவில் வரும் சொல்லைப் பாராட்டுக் கடிதத்தில் வைக்கக்கூடாது.

முனைப்பும் அதன் உறவினரும்

முனைப்பு, முன்முயற்சி, முன்னெடுப்பு, செயலூக்கம், துடிப்பு. இவை செயலைப் பேசுகின்றன, காலத்தைப் பேசுவதில்லை. முனைப்பாக வேலை செய்பவர் தீப்பிடித்த பிறகும் முனைப்பாக அணைக்கலாம். அதில் புரோஆக்டிவ் எதுவும் இல்லை. துடிப்பும் சுறுசுறுப்பும் வெறும் ‘ஆக்டிவ்’. செயலூக்கம் அகராதியில் இருக்கிறது, பேச்சில் இல்லை.

இவற்றுள் தேறுவது ‘முன்முயற்சி’. முதலில் இறங்கியவர் இவர்தான் என்ற பொருள் அதில் உண்டு. ‘அவருடைய முன்முயற்சியால் நூலகம் வந்தது’ என்றால் தெளிவாக இருக்கிறது. ஆனால் இது ‘இனிஷியேட்டிவ்’ என்பதன் நேர். புரோஆக்டிவோடு பாதிதான் ஒத்துப்போகும். ‘முன்கை எடுத்தல்’ இதற்கு உயிரோட்டமான மாற்று. ‘முன்னெடுப்பு’ பற்றி ஒன்று கவனிக்க வேண்டும்: இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘நடவடிக்கை முன்னெடுக்கப்படும்’ என்றால் நடவடிக்கை நடக்கும் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அங்குள்ள வாசகருக்கு எழுதும்போது அந்தச் சொல்லில் ‘முன்பே’, ‘தானாக’ என்ற இரண்டும் கேட்காது.

இனி, தொடவே கூடாதவை. ‘தன்முனைப்பு’ என்பதைச் ‘செல்ஃப் மோட்டிவேட்டட்’ என்று எண்ணி மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். அது ஈகோவுக்கு வழங்கும் சொல். ‘இவர் தன்முனைப்பு மிக்கவர்’ என்று மேலாளர் கையெழுத்திட்டால், படிப்பவர் இவரை அகங்காரி என்றே எடுத்துக்கொள்வார். ‘முன்வினை’ என்று ‘எதிர்வினை’க்கு இணையாக ஆக்கிப் பார்ப்பது ஆசையான யோசனைதான், ஆனால் முன்வினை என்றால் முற்பிறவியில் செய்த வினை, நூற்றாண்டுகளாக அப்படித்தான். ‘முன்செயல்’ என்ற ஆக்கத்தில் குற்றமில்லை, ஆனால் முதல்முறை படிப்பவர் அதை ‘முன்பு செய்த செயல்’ என்று படிப்பார். விளக்கம் கொடுத்துத்தான் பயன்படுத்த முடியும் என்றால் அந்தச் சொல் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை என்று பொருள்.

பேச்சுத் தமிழ் இதன் மறுபக்கத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது: முந்திரிக்கொட்டை. முந்திரிப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், கொட்டை உள்ளே இல்லாமல் பழத்தின் அடியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மற்ற பழங்களில் ஒளிந்திருப்பது இதில் முன்னால் வந்து நிற்கிறது. தன் வேலை அல்லாததில் தலையிடுவது, பெரியவர்கள் பேசி முடிக்குமுன் பதில் சொல்வது எல்லாம் முந்திரிக்கொட்டைத்தனம். புரோஆக்டிவ் என்று ஊழியரைக் கேட்கும் நிறுவனங்கள் இந்தக் கோட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த அளவுவரை கேட்காமல் செய்யலாம், எதற்குக் கேட்டாக வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், நம் வழக்கத்தில் வளர்ந்தவர் முந்திரிக்கொட்டை என்ற பெயருக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

வினையிலேயே இருக்கிறது

மேலே சொன்ன எல்லாம் பெயர்ச்சொல்லுக்கும் அடைமொழிக்கும் அலைந்தவை. ஆங்கிலத்தில் அது அடைமொழி என்பதால் தமிழிலும் அடைமொழியையே தேடுகிறோம். தமிழ் இந்தக் கருத்தைத் தன் வினையில் வைத்திருக்கிறது. அன்றாடம் வீட்டில் பேசுவதைக் கவனித்தால் தெரியும்.

‘தண்ணீர் பிடித்தாள்’ என்பதற்கும் ‘தண்ணீர் பிடித்து வைத்தாள்’ என்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டாவதில், பின்னால் தேவைப்படும் என்று தெரிந்து இப்போதே செய்தாள் என்ற பொருள் வந்துவிட்டது. அந்தப் பொருளைக் கொண்டு வந்தது ‘வை’ என்ற துணைவினை. ‘சிலிண்டர் புக் பண்ணி வை’, ‘அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை’, ‘ரசீதை எடுத்து வை’, ‘எதற்கும் விலை கேட்டு வை’. இதில் ஒவ்வொன்றும் முழு புரோஆக்டிவ். நாளைய பயன் கருதி இன்று முடிப்பது என்ற செய்தியை ‘வை’ ஒரே எழுத்தில் சொல்கிறது.

இதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். வை எல்லா வினையோடும் இதே பொருள் தராது. ‘உளறி வைத்தான்’, ‘தொலைத்து வைத்தான்’ என்றால் வேண்டாத காரியத்தைச் செய்து கெடுத்தான் என்று ஆகிறது. ‘திருமணத்தை நடத்தி வைத்தார்’, ‘கட்டடத்தைத் திறந்து வைத்தார்’ என்பவை பிறருக்காகச் செய்து கொடுத்த பொருளில் வருபவை. ‘செய்து வை’ என்பதும் ‘செய்ய வை’ என்பதும் வேறு; பின்னது இன்னொருவரைச் செய்யும்படி ஆக்குவது. ஆகவே பலன் பிற்பாடு பயன்படக்கூடிய வினைகளோடு, அதாவது எழுது, சேர், வாங்கு, சமை, சொல், கேள், பதி, எடு போன்றவற்றோடு சேர்த்தால் பிசகாது.

இரண்டாவது கருவி எதிர்மறை வினையெச்சத்தோடு ஏகாரம்: சொல்லாமலே, கேட்காமலே, கூப்பிடாமலே. தானாகச் செய்ததை இது அழுத்தமாகச் சொல்லிவிடும். ஔவையார் பெயரில் வழங்கும் ‘சொல்லாமலே பெரியர்’ என்ற தனிப்பாடலைப் பலர் இதற்கு மேற்கோள் காட்டுகிறார்கள், பிறர் சொல்லாமலே செய்பவர் பெரியவர் என்று. பாட்டின் உவமையோடு வைத்துப் பார்த்தால் பொருள் சற்று வேறு. பூ வெளியே தெரியாமல் காய்க்கும் பலா, பூத்துக் காய்க்கும் மா, பூத்தும் காய்க்காத பாதிரி மரம் என்ற மூன்றில் பூ என்பது செய்பவர் கொடுக்கும் வாக்கு. தான் செய்யப்போவதாகச் சொல்லிக்கொள்ளாமலே செய்பவரைத்தான் அந்தப் பலா காட்டுகிறது. பயிற்சிக் கையேட்டில் மேற்கோள் எடுப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

மூன்றாவது, ‘முன்’ சேர்ந்த எச்சம்: தீருமுன், கேட்குமுன், கெடுவதற்கு முன். இதில் ஒரு பிழை அடிக்கடி வருகிறது. ‘பழுது வராததற்கு முன்’ என்று எதிர்மறையோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். ‘முன்’ என்பதே இன்னும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. ‘பழுது வருமுன்’ என்பதே போதும்.

இந்த மூன்றையும் கலந்தால் எந்தச் சுற்றறிக்கையையும் தமிழாக்கிவிடலாம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். டெலிவரி பிரிவுக்கு வந்த உத்தரவு: வாடிக்கையாளர்களிடம் புரோஆக்டிவாக இருங்கள். ‘வாடிக்கையாளர்களிடம் முனைப்புடன் இருங்கள்’ என்று மாற்றினால் ஊழியர் என்ன செய்வார்? குரலை உயர்த்திப் பேசுவாரோ என்னவோ, வேறொன்றும் செய்ய வழியில்லை. ‘வண்டி தாமதமாகும் என்று தெரிந்தவுடன், வாடிக்கையாளர் போன் செய்யும்வரை காத்திருக்காமல் நீங்களே அழைத்துப் புதிய நேரத்தைச் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதினால், எப்போது, யார், என்ன என்ற மூன்றும் வந்துவிட்டன. வாக்கியம் நீண்டதுதான். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பிடிவாதம் பிடித்ததில் தொலைந்த பொருள் முழுவதும் இதில் திரும்பி வந்திருக்கிறது.

மதிப்பீட்டுப் படிவத்திலும் இப்படியே. ‘புரோஆக்டிவாக இருக்கிறாரா?’ என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் கட்டம் போட்டால் ஆளுக்கு ஒரு பொருளில் நிரப்புவார்கள். ‘சொல்லாமலே வேலையைத் தொடங்குகிறாரா?’ என்றும் ‘பிரச்சினை பெரிதாகுமுன் தெரிவிக்கிறாரா?’ என்றும் இரண்டாகப் பிரித்துக் கேட்டால் பதில் நம்பத்தக்கதாக இருக்கும். ஒருவர் முதலாவதில் கெட்டிக்காரராகவும் இரண்டாவதில் மோசமாகவும் இருக்கக்கூடும். தானாக வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர்களில் பலர், சிக்கல் வந்தால் வாயைத் திறப்பதில்லை.

விண்ணப்பத்தில் ‘நான் புரோஆக்டிவான நபர்’ என்ற வரி எந்த மொழியில் இருந்தாலும் வீண். ‘கிடங்கில் இருப்பு குறையும் பொருட்களின் பட்டியலை வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து, கொள்முதல் பிரிவு கேட்குமுன் அனுப்பி வந்தேன்’ என்ற ஒரு வரி அதைவிட அதிகம் சொல்லும்.

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வது

இதுவும் நேர்மையான தேர்வுதான், சில இடங்களில். எல்லோரும் அந்தச் சொல்லைப் பேசிக்கொண்டிருக்கும் ஐடி அலுவலகக் குழுவுக்குள், அல்லது அந்தச் சொல்லைப் பற்றியே எழுதும்போது, தமிழ் எழுத்தில் ‘புரோஆக்டிவ்’ என்று எழுதிவிடலாம். ‘ப்ரோ’ என்று மெய்யில் தொடங்காமல் ‘புரோ’ என்று எழுதுவது தமிழ் மரபுக்கு ஒத்து வரும். பதிப்பகங்களும் நாளிதழ்களும் தங்களுக்கென ஒரு வழக்கம் வைத்திருப்பதால், எதை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாமல் இருப்பதே முக்கியம். பேச்சில் ‘புரொடக்டிவ்’ என்று காதில் விழுந்து குழப்பம் வருவது சாதாரணம். அது வேலையின் விளைச்சலைப் பற்றியது, இது வேலையின் நேரத்தையும் தொடக்கத்தையும் பற்றியது. கூட்டத்தில் குறிப்பெடுப்பவர் எது என்று அப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஊராட்சி அறிவிப்பு, பள்ளிப் பெற்றோருக்கான கடிதம், மருத்துவமனைத் துண்டறிக்கை போன்றவற்றில் ஒலிபெயர்ப்பு கூடாது. ‘சர்க்கரை நோயில் புரோஆக்டிவாக இருங்கள்’ என்பது அந்தத் துண்டறிக்கை யார் கைக்குப் போக வேண்டுமோ அவருக்கு எதையும் சொல்லவில்லை. ‘காலில் புண் வந்தபின் ஓடி வராதீர்கள், தினமும் படுக்கப் போகுமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள், சிவப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாளே காட்டிவிடுங்கள்’ என்று எழுதினால், படித்தவர் அன்று இரவே காலைத் திருப்பிப் பார்ப்பார்.